மூன்றாவது பத்தி

இந்தப் பெண்ணுக்கு எழுத வேறு விஷயமே கிடைக்கவில்லையா? ஒரு மரம், ஒரு வண்ணத்துப்பூச்சி, தண்ணீரைச் சேமிப்பது எப்படி. மற்ற பிள்ளைகளெல்லாம் அதைத்தானே எழுதுகிறார்கள்? அதனால் யாராவது செத்துப்போனார்களா?

ஆசிரியர் அறையின் மூலையில் இருந்த கணினிக்கு முன்னால் உட்கார்ந்து மொழி டீச்சர் இப்படித்தான் நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. பக்கத்து மேஜையில் கணக்கு டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவருக்குக் காது கூர்மை.

திரையில் இருந்த பதிவு சின்னது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதியது.

'மழை பெய்த மாலை என்று போன வாரம் ஒரு பதிவு எழுதினேன். இதைப் படிக்கிறவர்கள் என் மேஜையில் ஒரு பென்சில் வையுங்கள், யார் வைத்தது என்று கேட்க மாட்டேன் என்று அதன் மூன்றாவது பத்தியில் எழுதியிருந்தேன். வகுப்பில் எல்லோரும் அருமை என்று சொல்லியிருக்கிறார்கள். பெரிய மேடம் மிக அருமை என்று சொல்லியிருக்கிறார்கள். மிஸ் இரண்டு முறை சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் முழுக்க என் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மறுநாளும் பார்த்தேன். பென்சில் எதுவும் வரவில்லை. என்னிடம் இருந்த பென்சிலையும் பக்கத்தில் இருக்கிறவன் இரவல் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.'

இதற்கும் கீழே வழக்கம்போல வரிசையாகப் பின்னூட்டங்கள். அருமை. அருமை. இன்னும் எழுதுங்கள். உங்கள் கருத்து என்னைச் சிந்திக்க வைத்தது. கடைசியில் மட்டும் ஒன்று வேறு மாதிரி இருந்தது. 'பிறகாவது பென்சில் கிடைத்ததா?' கேட்டவர், சிறந்த வலைப்பூப் பள்ளிக்கு விருது கொடுக்கும் குழுவின் உறுப்பினர். நாளை மறுநாள் பள்ளிக்கு நேரில் வரப்போகிறவர்.

டீச்சருக்குக் காது மடல் சூடானது. வெட்கம் என்றுதான் முதலில் நினைத்தாள். கொஞ்சம் உற்றுப் பார்த்தபோது அது கோபம். தூங்கும்போது யாரோ அருகில் நின்று தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தால் வருமே, அந்தக் கோபம்.

எல்லாம் தலைமையாசிரியையான பெரிய மேடம் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்ததில் ஆரம்பித்தது. போகும்போது சாதாரணமாகத்தான் போனார். திரும்பும்போது 'மாணவர் குரல்' என்ற திட்டத்தோடு திரும்பினார். ஏழாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வலைப்பூ. வாரம் ஒரு பதிவு. எழுதுவதற்கு ஆள் இருந்தால் எழுத்து தானாக வரும், படிப்பதற்கு ஆள் இருந்தால் இன்னும் நன்றாக வரும் என்று கருத்தரங்கில் சொன்னார்களாம். அது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரும் உண்மை எதுவாக இருந்தாலும் முதலில் அதற்கு ஒரு அட்டவணை போட்டுவிடுவார்கள். அட்டவணை போட்டார்கள். நடைவழியில் ஒரு குழந்தை வாயைப் பெரிதாகத் திறந்திருக்கும் சுவரொட்டி ஒட்டினார்கள். அதன் கீழேயே 'அமைதி காக்கவும்' பலகை பழையபடி தொங்கியது. கணினிகளுக்கு இடம் போதாததால் நூலகத்தைக் காலி செய்து, புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் கட்டி மாடிப்படிக்கு அடியில் வைத்தார்கள். நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரே வாரத்தில் ஒருங்கிணைப்பாளர் ஆனார்.

ஒருங்கிணைப்பாளர் வெள்ளைப் பலகையில் மாதிரிப் பின்னூட்டங்களை எழுதிப்போட்டார். பிள்ளைகள் அதைப் பார்த்துத் தட்டினார்கள். ஒரு பையன் தன் நாய் லாரியில் அடிபட்டுச் செத்ததை எழுதியபோது, 'அருமை, இதுபோல் இன்னும் நிறைய எதிர்பார்க்கிறோம்' என்று வகுப்பே வாழ்த்தியது. அவனிடம் இருந்தது ஒரே நாய்தான்.

பதிவுகளைப் பெரும்பாலும் பெற்றோர்கள் எழுதினார்கள். யார் வீட்டில் அம்மா எழுதுகிறாள், யார் வீட்டில் அப்பா என்று டீச்சரால் முதல் வரியிலேயே சொல்லிவிட முடியும். ஒரு பையனின் கடற்கரைப் பயணம், 'மேற்படி பயணத்தின்போது அலைகள் உரிய முறையில் வந்துகொண்டிருந்தன' என்று ஆரம்பித்தது. அவன் அப்பா பத்திரப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா.

எழுதிக்கொடுக்க வீட்டில் ஆளில்லாத பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுடைய பக்கம் வெள்ளையாக இருந்தால் வாரக் கடைசியில் பெரிய மேடத்துக்குப் போகும் வரைபடத்தில் கோடு சரியும். கோடு சரிந்தால் மேடத்தின் புருவம் ஏறும். அதனால் அந்தப் பக்கங்களை டீச்சரே நிரப்பினாள். எல்லாப் பிள்ளைகளின் கடவுச்சொல்லும் அவளிடம் இருந்தது. அதில் அவளுக்கு ஒரு திறமையே வந்துவிட்டது. அங்கங்கே ஒரு புள்ளியை விடுவாள். 'சூப்பராக இருந்தது' என்று போடுவாள். கடைசியில் சம்பந்தமே இல்லாமல் பசியைப் பற்றி ஒரு வரி சேர்ப்பாள். "அப்படியே பசங்க எழுதின மாதிரியே இருக்கு, டீச்சர்," என்று மேடம் ஒருநாள் பாராட்டினார். அன்றைக்கு முழுவதும் அந்தப் பாராட்டை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அலைந்தாள்.

இத்தனைக்கும் நடுவில், தானாக உட்கார்ந்து எழுதியது இந்தப் பெண் ஒருத்திதான்.

வகுப்பில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். வருகைப்பதிவுக்கு "உள்ளேன், மிஸ்" என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து எதுவும் வந்து யாரும் கேட்டதில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நின்று ஜன்னலைப் பார்ப்பாள். "வீட்லயும் இப்படித்தான் மிஸ். ஏதாவது கேட்டா சுவரைப் பார்க்கும். சுவர்ல என்னதான் எழுதியிருக்கோ," என்று அவள் அம்மா பெற்றோர் கூட்டத்தில் சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. வலைப்பூ வந்த பிறகுதான் அந்தப் பெண் பேச ஆரம்பித்தாள், விரலால். மாடி வீட்டுக் குழாய் எப்படிச் சத்தம் போடும், அப்பா கோபமாக இருக்கும்போது செருப்பை எப்படிக் கழற்றுவார், என்றெல்லாம் எழுதினாள். டீச்சருக்கு இது எப்படித் தெரியும் என்றால், இப்போது, இந்தப் பென்சில் பதிவைப் பார்த்த பிறகு, பயந்துபோய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் படித்ததால்தான். அதுவரைக்கும் வாரா வாரம் எல்லாப் பதிவுகளையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 'அனுமதி' என்ற பொத்தானை அழுத்தி, கீழே ஒரு 'அருமை' போடுவதோடு சரி. பென்சில் பதிவையும் அப்படித்தான் அனுமதித்திருந்தாள்.

ஒருங்கிணைப்பாளர் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார்."

"மழை பெய்த மாலைன்னு தலைப்பு. எவ்வளவு நல்ல தலைப்பு! அதுக்குத்தான் கமெண்ட் ஜாஸ்தி. நம்பி அதையே குழுவுக்கு மாதிரியா அனுப்பிட்டேன் டீச்சர்."

"படிச்சிட்டுத்தானே அனுப்பினீங்க?"

"தலைப்பைப் படிச்சேனே."

கணக்கு டீச்சர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "மூணாவது பத்தி வரைக்கும் போக சாருக்கு மூச்சு வாங்கியிருக்கும்."

"நீங்க சும்மா இருங்கம்மா. உங்க பாடத்துல பத்தியே கிடையாது, தப்பிச்சீங்க."

பெரிய மேடம் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது.

மேடத்தின் அறையில் எப்போதும் ஒரு குளிர் இருக்கும். மேஜை மேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் பழைய விருதுகளின் படங்கள். மேடம் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அழிச்சிடலாம்னுதான் முதல்ல நினைச்சேன். அந்த மனுஷன் படிச்சுத் தொலைச்சிட்டாரே. அழிச்சா கேப்பார். அதனால அதே பொண்ணு இன்னொரு பதிவு போடணும். பென்சில் வந்துச்சு, நிறைய வந்துச்சு, நான்தான் அவசரப்பட்டு எழுதிட்டேன், என் பள்ளிக்கூடத்துல ஒவ்வொரு வார்த்தையையும் எல்லாரும் படிக்கிறாங்கன்னு. என்ன சார்?"

"பிரமாதம் மேடம்," என்றார் ஒருங்கிணைப்பாளர். "ஒரு டப்பா பென்சில் வாங்கி அந்தப் பொண்ணு மேஜைல வெச்சுடலாம். அப்புறம் அது பொய்யாவும் இருக்காது."

"சீவி வைங்க," என்றார் மேடம். "புதுசா இருந்தா கடைல வாங்கினது தெரிஞ்சுபோகும்."

சிரிக்க வேண்டுமா என்று டீச்சர் இரண்டு முகங்களையும் பார்த்தாள். இருவரும் வேலையாக இருந்தார்கள்.

"அந்தப் பொண்ணே எழுதுமான்னு கேட்டுப் பாருங்க," என்றார் மேடம். "இல்லன்னா நீங்களே எழுதிடுங்க. உங்களுக்குத்தான் கை வந்த கலையாச்சே. நாளைக்குக் காலைல என் மேஜைக்கு வரணும். உங்களை நிரந்தரமாக்குற பேச்சும் இந்த மாசம்தான் வருது. ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு மேடம்."

மதியம் வகுப்பு கலைந்ததும் அந்தப் பெண்ணை நிறுத்தினாள். நாற்காலிகள் கோணல்மாணலாகக் கிடந்தன. பெண் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"நீ எழுதினதைப் படிச்சேன்மா. நல்லா எழுதியிருக்கே."

பெண் திரும்பினாள். அந்த வார்த்தையின் விலை என்னவென்று அவளுக்குத் தெரியும் என்பது முகத்திலேயே இருந்தது. டீச்சர் அவசரமாகச் சேர்த்தாள். "செருப்பு கழட்டுறது எழுதியிருந்தியே, அப்பா. இடது கால் செருப்பு மட்டும் குப்புற விழும்னு."

பெண்ணின் கை பையின் மேல் கொஞ்சம் தளர்ந்தது.

"அதை எப்ப படிச்சீங்க மிஸ்?"

குரல் கரகரப்பாக இருந்தது. அதிகம் பயன்படுத்தாத கதவு போல. இதுவரை தன்னிடம் அவள் கேட்ட முதல் கேள்வி இது என்று டீச்சருக்கு உறைத்தது. பொய் சொல்லலாம். பொய் நாக்கு நுனியில் தயாராகவே இருந்தது.

"இன்னிக்குக் காலைல," என்றாள்.

"பென்சில் பதிவுக்கு அப்புறமா?"

"ஆமா."

பெண் தலையை ஆட்டினாள். குற்றம் சாட்டுகிற ஆட்டம் இல்லை. கணக்கு சரியாக வந்ததைப் பார்க்கிற ஆட்டம்.

மேடம் சொன்னதை டீச்சர் சொன்னாள். நேராகச் சொல்ல முடியவில்லை. பள்ளிக்கூடத்தின் பேர், வருகிறவர்கள், பெரியவர்கள் சங்கடப்படுவார்கள், ஒரு சின்னப் பதிவு, நாலு வரி போதும் என்று சுற்றிச் சுற்றிப் போனாள். தன் குரல் மாதிரிப் பின்னூட்டம் போல இருப்பது அவளுக்கே கேட்டது.

"நான் எழுதல மிஸ். பென்சில் வரலையே," என்றாள் பெண். பிறகு, கோபமே இல்லாமல், உதவி செய்கிறவள் போலச் சொன்னாள். "நீங்களே எழுதிடுங்க. உங்களுக்கு எங்களை மாதிரி எழுத நல்லா வரும்ல? கடைசி பெஞ்சு பையனுக்கு எழுதினீங்களே, அவன் காட்டினான். பசிக்குதுன்னு முடிச்சிருந்தீங்க. அவன் ரொம்ப சிரிச்சான். அவனுக்குப் பசியே எடுக்காதாம்."

டீச்சர் கோணலாகக் கிடந்த நாற்காலி ஒன்றை நேராக்கினாள்.

"எழுதினா உனக்கு வருத்தமா இருக்குமா?"

பெண் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"இல்ல மிஸ். என் பேர்ல நீங்க எழுதினா, அப்புறம் நான் எழுத வேண்டாம்ல. பழையபடி இருந்துக்குவேன். அது எனக்குப் பழக்கம்தான்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். நடைவழியில், வாயைத் திறந்த சுவரொட்டிக் குழந்தையைத் தாண்டி.

வீட்டுக்கு வந்தபோது அக்கா சமையலறை மேடையில் சாய்ந்து நின்று கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அக்கா குடும்பம் கீழ்த்தளம். மாலையானால் மேலே வந்துவிடுவாள். அவள் மகனும் அதே ஏழாம் வகுப்பு. அவன் பெயரில் எழுதுவது அக்கா.

"ஏய், என் பதிவுக்கு உன் பள்ளிக்கூடத்துல எத்தனை கமெண்ட் தெரியுமா?"

"உன் பதிவா? உன் மகன் பதிவு, அக்கா."

"எல்லாம் ஒண்ணுதான். நான் பெத்தவதானே."

"வாழ்வியல் விழுமியங்கள்னு எழுதியிருக்கியேக்கா. விழுமியம்னா என்னன்னு அவனுக்குத் தெரியுமா?"

"எனக்கே தெரியாது. எங்கயோ பார்த்தேன், பார்க்க நல்லா இருந்துச்சு." அக்கா சிரித்தாள். "அம்மாங்க குரூப்ல பேசி வெச்சிருக்கோம்டி. நான் அவங்க பசங்களுக்கு அருமை போடுவேன், அவங்க என் பையனுக்குப் போடுவாங்க. ஒருத்தி மட்டும் வெறும் கட்டைவிரல் படம் போட்டுட்டுப் போயிடறா. நாளைக்கு அவ பொண்ணுக்கு நானும் கட்டைவிரல்தான்."

"அதையெல்லாம் யாரு படிக்கிறாங்க அக்கா?"

"படிக்கிறதா? அதுக்கு யாருக்கு நேரம் இருக்கு?"

டீச்சர் கூடத்தில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். அந்தப் பெண்ணின் பெயரில் உள்ளே போனாள். எழுத வராது என்று நினைத்திருந்தாள். அப்படி நினைத்தது ஒரு நம்பிக்கைதான். விரலை வைத்ததுமே வந்துவிட்டது.

'பென்சில் வந்தது. முதலில் ஒன்று வந்தது. அதைச் சீவியது யார் என்று தெரியவில்லை, ஒரு பக்கம் மட்டும் தடிமனாகச் சீவியிருந்தார்கள். இடது கைக்காரராக இருக்கும்.'

அவள் கையை எடுத்துவிட்டாள். குப்புற விழும் இடது கால் செருப்பிலிருந்து இந்த இடது கை வந்திருக்கிறது. பெண்ணின் கண்ணையே பிடுங்கி எடுத்து வந்து இங்கே பதித்திருக்கிறாள். இதுவரை மற்றவர்களுக்கு எழுதியதெல்லாம் காலி வீட்டில் விளக்கேற்றி வைப்பது மாதிரி. யாரும் இல்லாத இடத்தில் ஆள் இருப்பதாகக் காட்டுவது. இது ஆள் குடியிருக்கிற வீடு. ஆள் உள்ளே இருக்கும்போதே, அவள் உடையைப் போட்டுக்கொண்டு, வாசலுக்கு வந்து கையாட்டுவது.

இன்னொன்றும் தெரிந்தது. அது பிடிக்காத விஷயம். எழுதும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. எத்தனையோ வருடங்களாகத் தன் பெயரில் ஒரு வரி எழுதாதவள், பன்னிரண்டு வயதுப் பெண்ணின் குரலைக் கடன் வாங்கி நன்றாக எழுதிக்கொண்டிருந்தாள். இந்தத் திட்டத்தில் மெய்யாகவே எழுதக் கற்றுக்கொண்ட மாணவி தான் ஒருத்திதானோ என்னவோ. மாணவர் குரல்! அதை நினைத்துத் தனியாகச் சிரித்தாள். சிரிப்பு நன்றாக இல்லை.

அக்கா தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். "என்னடி எழுதறே? காட்டு." திரையில் கண்ணை ஓட்டினாள். "அருமையா இருக்கு."

"என்னக்கா எழுதியிருக்கு?"

"ஏதோ... பேனா."

டீச்சர் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தாள். வாரா வாரம் பழகிய அசைவுதான். அழித்தாள்.

"அய்யோ, ஏன்டி? நல்லாத்தானே இருந்துச்சு!"

"நல்லாத்தான் இருந்துச்சுக்கா. அதான்."

மறுநாள் காலை மேடத்தின் அறையில் பென்சில்கள் தயாராக இருந்தன. ஒருங்கிணைப்பாளர் உட்கார்ந்து சீவிக்கொண்டிருந்தார். சீவல்கள் விருதுகளின் கண்ணாடி மேல் விழ, மேடம் அதைத் தாளால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் ஒரே மாதிரி சீவாதீங்க சார். பல பேர் குடுத்த மாதிரி இருக்கணும்." மேடம் நிமிர்ந்தார். "வாங்க டீச்சர். பதிவு எங்க?"

"அந்தப் பொண்ணு எழுத மாட்டேன்னுது மேடம்."

"அதான் தெரியுமே. நீங்க எழுதினது?"

"எழுதினேன். அழிச்சுட்டேன்."

"ஏன், சரியா வரலையா?"

"சரியா வந்துச்சு."

மேடத்துக்குப் புரியவில்லை. புரியாதபோது அவர் கனிவாகப் பேசுவார். "பாருங்கம்மா, நாலு வரி. நீங்க போன வாரம் எத்தனை பசங்களுக்கு எழுதினீங்க? அப்பெல்லாம் வராத இது இப்ப எங்கிருந்து வந்துச்சு?"

"அது நியாயமான கேள்விதான் மேடம்," என்றாள் டீச்சர். இரவு முழுக்கத் தேடியும் கிடைக்காத பதில், இந்தக் குளிரில் கிடைக்கப்போவதில்லை. "அவங்களுக்கும் இனிமே எழுதல. காலியா இருந்தா காலியாவே இருக்கட்டும்."

"வரைபடம்?" என்றார் ஒருங்கிணைப்பாளர், கத்தியை அந்தரத்தில் நிறுத்தி.

"சரியட்டும் சார்."

"நீ..." மேடம் சட்டென்று திருத்திக்கொண்டார். "நீங்க என்ன பேசுறீங்கன்னு தெரிஞ்சுதான் பேசுறீங்களா? அந்த மனுஷன் வந்து, பென்சில் கிடைச்சதாம்மான்னு அந்தப் பொண்ணைக் கேட்டா அது என்ன சொல்லும்?"

"வரலைன்னு சொல்லும்."

"அது வாயைத் திறந்து பேசுமா?"

"நாம எழுதலைன்னா பேசலாம், மேடம்."

ஒரு பென்சில் உருண்டு மேஜை விளிம்புக்கு வந்தது. ஒருங்கிணைப்பாளர் அதைப் பிடித்தார். மேடம் தன் கணினியைத் திருப்பி, விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினார். பெண்ணின் பக்கம் திறந்திருந்தது. காலிக் கட்டத்துக்குள் கோடு ஒன்று விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்தது.

"உட்காருங்க," என்றார் மேடம். "பேசினது போதும். ரெண்டு நிமிஷ வேலை. உங்க நிரந்தர விஷயம் எல்லாம் அப்புறம் நல்லபடியா பேசிக்கலாம். உட்கார்ந்து எழுதுங்க."

டீச்சர் உட்காரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மிரட்டிய ஆசிரியர் முன் நிற்கிற பிள்ளைகள் இப்படித்தான் நிற்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியும் கையை எடுக்கவில்லை.

"இல்ல மேடம்," என்றாள். "எனக்கு வகுப்பு இருக்கு."